நம்பர் பேடில் 1 அழுத்தினால் புரோகிராம் மூடிக்கொள்கிறது

வாடிக்கணக்கு (திங்கள், இரவு 9.12)

வணக்கம். திருகோணமலையில் ஒரு மீன் வாடிக்கு எடை பதியும் புரோகிராம் ஒன்றைப் பைத்தனில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜன்னல், ஐகான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு பட்டியல், ஒரு படிவம். விடிய வள்ளங்கள் கரைக்கு வந்ததும் தராசடியில் நிற்கும் அக்கா மீன் வகை, கிலோ, யாருடைய வள்ளம் என்று தட்டிக்கொண்டே போவார்.

மேல்மாடியில் லினக்ஸ் மின்ட் போட்ட மேசைக் கொம்பியூட்டர். புரோகிராம் ஓடுவது அதில்தான். கீழே தராசடியில் விண்டோஸ் போட்ட பழைய லப்டொப். அதில் எண்கள் மட்டும் உள்ள ஒரு யூஎஸ்பி கீபேட் செருகி, புட்டி என்ற டெர்மினல் மென்பொருள் வழியாக மேல்மாடிக்கு இணைத்திருக்கிறேன்.

மேலே எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. கீழே கீபேடில் 1 அழுத்தினால் புரோகிராம் சட்டென்று மூடிக்கொள்கிறது. 2 அழுத்தினால் அன்றைய ரிப்போர்ட் திறக்கிறது! மற்ற எண்களுக்குப் பாதி நிரப்பிய படிவம் அழிந்து பட்டியலுக்குத் திரும்பிவிடுகிறது. லப்டொப்பின் மேல் வரிசை எண்களில் ஒரு பிரச்சினையும் இல்லை. இன்று காலை அறக்குளா 11 கிலோ என்று பதியப் போய் மூன்று தரம் வெளியே வந்து விழுந்தாராம். முதலாளி பேய் என்கிறார். நான் பிழை என்கிறேன். எங்கே என்றுதான் தெரியவில்லை.

ஓர்ஸ்ஹில்வாசி (திங்கள், இரவு 9.30)

கீபேட் பழுதாக இருக்கும் தம்பி. கடற்கரைக் காற்றில் யூஎஸ்பி சாமான் ஆறு மாதம் தாங்கினாலே பெரிய விஷயம். என் வீட்டு ரவுட்டரின் முள் பச்சை பிடித்துக் கிடக்கிறது. வேறொன்றைச் செருகிப் பாரும்.

வாடிக்கணக்கு (திங்கள், இரவு 9.41)

புதிசு செருகியும் பார்த்துவிட்டேன் அண்ணா. அதே கூத்துத்தான்.

ரெண்டாம்_ஷிப்ட் (திங்கள், இரவு 10.05)

ஊகிக்க வேண்டாம் தம்பி. என்ன வருகிறது என்று முதலில் பாரும்.

டெர்மினலில், அதாவது இந்தக் கறுப்புத் திரையில், ஓடும் புரோகிராமுக்கு விசை என்று ஒன்று கிடையாது. அதற்கு வந்து சேர்வது பைட் வரிசை, அதாவது 0 முதல் 255 வரையான எண்களின் வரிசை, மட்டும்தான். சாதாரண ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். மேல் அம்புக்கு மூன்று: 27, 91, 65. கீழ் அம்புக்குக் கடைசி பைட் 66, வலம் 67, இடம் 68. எஸ்கேப் விசைக்கு வெறும் 27. ஆல்ட் பிடித்துக்கொண்டு ஓர் எழுத்தை அழுத்தினால் 27-உம் அந்த எழுத்தும். கண்ட்ரோல்-ஐ என்பதும் டாப் என்பதும் ஒரே 9. இரண்டையும் பிரித்தறிய வழி இல்லை என்பதால் அதற்காக மண்டையை உடைக்க வேண்டாம்.

ஷோகீ என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதை -ஏ கொடுத்து ஓடவிட்டால் அழுத்தும் ஒவ்வொரு விசையின் பைட்டையும் எண்ணாகக் காட்டும். வெளியே வரக் கண்ட்ரோல்-டி. கீழே போய்ப் புட்டிக்குள் ஓடவிட்டு, கீபேடில் 1 அழுத்தி, வரும் எண்களை இங்கே எழுதும்.

வாடிக்கணக்கு (செவ்வாய், காலை 6.50)

ஐயா, வாடியில் நின்றுதான் எழுதுகிறேன். 49 என்று மட்டும் வருகிறது. 49 என்றால் 1 தானே? மேல்மாடியிலும் 49. இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அப்ப கீபேட் சரி, புட்டி சரி. எனக்குத்தான் தலை சுற்றுகிறது.

கிண்ணியா_நானா (செவ்வாய், காலை 7.15)

வெளியே 49, புரோகிராமுக்குள் வேறு ஏதோ. அப்ப உங்கட புரோகிராமே புட்டியிடம் ஏதோ சொல்லி அதன் குணத்தை மாற்றுகிறது. ஆரம்பத்தில் திரைக்கு என்ன அனுப்புகிறீர்கள்?

வாடிக்கணக்கு (செவ்வாய், காலை 7.22)

திரையைத் துடைக்கும் வரி, கர்சரை மறைக்கும் வரி, அப்புறம் 27, 61 என்று இரண்டு பைட். கடைசி இரண்டும் எதற்கென்று உண்மையாகவே தெரியாது. எங்கேயோ பார்த்துக் கொப்பி பண்ணிய தொடக்க வரி. அம்பு விசைகளுக்குத் தேவை என்று நினைத்து விட்டுவைத்தேன்.

ரெண்டாம்_ஷிப்ட் (செவ்வாய், காலை 8.40)

பிடிபட்டது. நானா சரியான இடத்தில் கை வைத்தார்.

27, 61 என்பது எண் கீபேடைப் பயன்பாட்டு நிலைக்கு மாற்றும் கட்டளை. 1978 இல் டெக் கம்பனி விட்ட விடி100 டெர்மினல் காலத்துச் சங்கதி. எண் கீபேடை எண் தட்ட மட்டும் வைத்துக்கொள்ளாமல் கட்டளைப் பட்டன்களாகவும் பயன்படுத்த வேண்டும் என்று நினைத்தார்கள். அந்த நிலையில் 0 முதல் 9 வரைக்கும் ஒற்றை எண் வராது. 27, 79 என்று தொடங்கி மூன்றாவதாக ஒரு சின்ன ஆங்கில எழுத்து வரும். 0-க்கு 112. 1-க்கு 113. அப்படியே 9-க்கு 121.

113 என்ன எழுத்து? கியூ. உம்முடைய புரோகிராமில் கியூ எதற்கு?

மேல்மாடியில் ஏன் நடக்கவில்லை என்று கேட்பீர். நம்லொக் எரிந்துகொண்டிருந்தால் மின்டில் இருக்கும் டெர்மினல் இந்தக் கட்டளையைக் காதில் போட்டுக்கொள்ளாமல் எண்ணையே அனுப்பும். புட்டி சொன்னதைச் சொன்னபடி செய்யும். ஷோகீ அந்தக் கட்டளையை அனுப்புவதில்லை, அதனால் அங்கே 49.

வாடிக்கணக்கு (செவ்வாய், காலை 8.47)

ஐயோ. கியூ வெளியேற. ஆர் ரிப்போர்ட். 27 வந்தால் படிவத்தை ரத்துச் செய்து பட்டியலுக்குப் போ என்று எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது அம்பு விசை வரிசைகள் மட்டும். மற்றதெல்லாம் ஒவ்வொரு பைட்டாகப் பிரிந்து தனி விசையாகப் போகிறது. அதாவது அக்கா 1 அழுத்தினால் என் புரோகிராமுக்கு அது எஸ்கேப், பெரிய ஓ, கியூ. படிவம் ரத்து, ஓவுக்கு ஒன்றுமில்லை, கியூவுக்கு வெளியேற்றம். 2 என்றால் 114, ஆர், ரிப்போர்ட். பேயின் முகம் தெரிந்துவிட்டது.

அந்த இரண்டு பைட்டையும் எடுத்துவிட்டேன். கீபேட் வேலை செய்கிறது. நன்றி ஐயா, நன்றி நானா.

ஓர்ஸ்ஹில்வாசி (செவ்வாய், காலை 9.05)

புட்டியிலேயே இதை நிறுத்தலாம் போல. அமைப்புகளில் டெர்மினல், அதற்குள் ஃபீச்சர்ஸ். பயன்பாட்டுக் கீபேட் நிலையை முடக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. இப்போதுதான் திறந்து பார்த்தேன்.

ரெண்டாம்_ஷிப்ட் (செவ்வாய், காலை 9.30)

இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு லப்டொப்பிலும் போய்ப் பெட்டியில் சரி போட்டுக்கொண்டு திரிய முடியாது. தம்பி, இரண்டு பைட்டை எடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதேயும். உண்மையான பிழை இன்னும் அங்கேதான் இருக்கிறது. தெரியாத வரிசை வந்தால் அதை உடைத்துத் தனித்தனி எழுத்தாக ஓட விடுவதுதான் பிழை. நாளைக்கு யாராவது எஃப்1 அழுத்துவார். அது லினக்ஸ் டெர்மினலில் 27, 79, 80. புட்டியில் வழக்கமாக 27, 91, 49, 49, 126. நடுவில் வரும் 49 இரண்டும் எடைக் கட்டத்தில் 11 கிலோவாகப் போய் உட்கார்ந்தால் வள்ளக்காரனுக்குக் கொண்டாட்டம், முதலாளிக்கு இல்லை.

27, 91 வந்தால் 64-க்கும் 126-க்கும் இடையில் ஒரு பைட் வரும் வரை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடியும். அதுதான் வரிசையின் வால். 27, 79 வந்தால் இன்னும் ஒரு பைட்டைச் சேர்த்து எடும். பிறகு முழு வரிசையையும் அட்டவணையில் தேடும். இருந்தால் வேலை, இல்லாவிட்டால் முழுவதையும் விழுங்கிவிடும். ஒரு பைட்டும் வெளியே சிந்தக்கூடாது.

நிலாவெளி_மாணவி (செவ்வாய், மாலை 5.20)

கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறேன். எங்களுக்கும் இதே மாதிரி ஒரு புரொஜெக்ட் இருந்தது. ஒரு சந்தேகம். வெறும் எஸ்கேப் விசையும் 27, அம்பின் முதல் பைட்டும் 27. அடுத்த பைட்டுக்காகக் காத்திருந்தால் எஸ்கேப் அழுத்தியவர் அதற்குமேல் ஒன்றும் அழுத்தமாட்டார். புரோகிராம் அப்படியே நிற்கும். காத்திருக்காவிட்டால் அம்பு உடையும். நாங்கள் 50 மில்லிசெக்கன் வைத்தோம். அதற்குள் வராவிட்டால் எஸ்கேப். அது சரியா?

ரெண்டாம்_ஷிப்ட் (செவ்வாய், மாலை 6.10)

இதற்கு முழுச் சரி என்று ஒன்று இல்லை மகள். நேரத்தை வைத்து ஊகிப்பதுதான். டெர்மினல் புரோகிராம்கள் பாவிக்கும் என்கர்சஸ் என்ற நிரல் தொகுப்பு வழக்கமாக 1000 மில்லிசெக்கன் காத்திருக்கும். அந்தக் காலத்து மெதுவான கம்பிகளுக்கு அது பொருத்தம். இன்றைக்கு எஸ்கேப் அழுத்திவிட்டு ஒரு செக்கன் காத்திருந்தால் கை பதறும். வாடிக்குள் ஒரே வயர் என்றால் 25 கூடப் போதும். மூதூரில் இருந்து ஃபோன் இணைப்பில் வருகிறவனுக்கு 27 ஒரு பொதியிலும் மிச்சம் அடுத்த பொதியிலும் வந்து சேரலாம். அவனுக்கு 100 அல்லது 200 வையும். மாற்றக்கூடிய அமைப்பாக வைத்தால் நல்லது.

வாடிக்கணக்கு (புதன், இரவு 8.33)

சொன்ன மாதிரியே எழுதினேன். இப்போது புதுத் தலையிடி. கீபேட் நல்லது, ஆனால் அம்பு விசைகள் எல்லாமே எஸ்கேப் ஆகிவிட்டன! மேல் அம்பு அழுத்தினால் படிவம் ரத்து. மறுபடி ஏதாவது அழுத்தினால்தான் முந்திய அம்பின் மிச்சம் வந்து விழுகிறது. நேரத்தை 500-க்கு ஏற்றியும் பார்த்தேன், மாற்றம் இல்லை. 27 வந்ததும் செலக்ட் என்ற கட்டளை கொண்டு இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லை என்கிறது. மூன்று பைட்டும் ஒன்றாகத்தானே வந்திருக்கும்?

நிலாவெளி_மாணவி (புதன், இரவு 8.50)

அண்ணா, விசைகளை வாசிக்கப் பைத்தனின் சிஸ்.எஸ்டிடிஇன்.ரீட்(1) பாவிக்கிறீர்களா?

வாடிக்கணக்கு (புதன், இரவு 8.52)

ஓம்.

நிலாவெளி_மாணவி (புதன், இரவு 9.15)

அதுதான் பிரச்சினை. எங்களையும் இரண்டு நாள் அலைக்கழித்தது. நீங்கள் ஒன்று கேட்டாலும் பைத்தன் உள்ளே மூன்றையும் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு உங்களுக்கு ஒன்றை மட்டும் தருகிறது. செலக்ட் பார்ப்பது இயங்குதளத்தின் வாசலை. வாசலில் ஒன்றும் இல்லை, எல்லாம் ஏற்கெனவே பைத்தனின் மடியில். அதனால் காலி என்று சொல்கிறது. நேரத்தை எவ்வளவு கூட்டினாலும் ஒன்றுதான்.

ஓஎஸ்.ரீட்(0, 1024) என்று நேரே வாங்குங்கள். வந்தது எல்லாம் பைட்டாகக் கையில் கிடைக்கும், செலக்டும் பொய் சொல்லாது. ஒரே வாசிப்பில் மூன்று அம்புகள் சேர்ந்தும் வரலாம், ஓர் அம்பில் பாதியும் வரலாம். மிச்சத்தை ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டு அடுத்ததோடு சேருங்கள்.

வாடிக்கணக்கு (வியாழன், காலை 7.05)

தங்கச்சி, ஒரே வரி. அந்த ஒரே வரி மாற்றியதும் எல்லாம் ஓடுகிறது. அக்கா எனக்குப் பிளேன்டீ வாங்கித் தந்தார்.

இப்போது முதலாளிக்கு ஆசை கூடிவிட்டது. பட்டியலில் மவுஸால் கிளிக் பண்ணினால் அந்த வரி திறக்க வேண்டுமாம், சில்லைச் சுழற்றினால் பட்டியல் நகர வேண்டுமாம். கறுப்புத் திரையில் இது நடக்குமா?

ஓர்ஸ்ஹில்வாசி (வியாழன், காலை 7.30)

மீன் அளைந்த கையோடு மவுஸா?

கிண்ணியா_நானா (வியாழன், காலை 10.12)

நடக்கும் தம்பி. நான் கடைக்கு எழுதின ஸ்டொக் புரோகிராமில் வைத்திருக்கிறேன். மவுஸும் கீபோர்ட் வருகிற அதே குழாய் வழியாகத்தான் வரும். ஆனால் நீங்கள் கேட்டால்தான் வரும்.

கேட்பதற்கு எஸ்கேப், சதுர அடைப்பு, கேள்விக்குறி, ஓர் எண், கடைசியில் சின்ன எச். 1000 போட்டால் அழுத்துவதும் விடுவதும் மட்டும் வரும். 1002 போட்டால் அழுத்திக்கொண்டு இழுப்பதும் வரும். 1003 போட்டால் மவுஸ் சும்மா அசைந்தாலும் வரும். அந்தக் கடைசியைத் தேவையில்லாமல் போடாதீர்கள், மழை மாதிரிக் கொட்டும். உங்களுக்கு 1000 போதும்.

அதோடு 1006-ஐயும் சேர்த்து அனுப்புங்கள். பழைய முறையில் நிரலும் வரியும் ஒவ்வொரு பைட்டாக, 32 கூட்டி வரும். ஒரு பைட்டில் 255-க்கு மேல் போகாது என்பதால் 223-ஆவது நிரலுக்கு அப்பால் கிளிக் பண்ணினால் கணக்குப் பிழைக்கும். 1006 முறையில் எல்லாம் சாதாரண எண்ணாக வரும். எஸ்கேப், சதுர அடைப்பு, சின்னது என்ற குறி, பிறகு பட்டன், நிரல், வரி மூன்றும் அரைப்புள்ளியால் பிரிந்து. கடைசியில் பெரிய எம் என்றால் அழுத்தியது, சின்ன எம் என்றால் விட்டது.

பட்டன் 0 இடது, 1 நடு, 2 வலது. சில்லை மேலே சுழற்றினால் 64, கீழே 65. ஷிஃப்ட் பிடித்திருந்தால் 4 கூடும், ஆல்ட் 8, கண்ட்ரோல் 16, இழுத்தால் 32. நிரலும் வரியும் 1-இல் தொடங்கும். பைத்தன் பட்டியல் 0-இல் தொடங்கும். இதை மறந்துதான் நான் ஒரு கிழமை முழுக்கப் பக்கத்து வரியைத் திறந்துகொண்டிருந்தேன். தலைப்பு வரியையும் கழிக்க மறக்காதீர்கள்.

வாடிக்கணக்கு (வெள்ளி, இரவு 10.20)

நானா, கிளிக் வேலை செய்கிறது. ஆனால் ஓர் இடத்தில் என் புரோகிராம் பிழையோடு விழுந்தது. விழுந்த பிறகு புட்டியில் எங்கே கிளிக் பண்ணினாலும் அரைப்புள்ளியும் எண்ணும் எம்முமாகத் திரை நிரம்புகிறது. கர்சரும் திரையில் தெரியவே மாட்டேன் என்கிறது. புட்டியை மூடித் திறந்தேன்.

ரெண்டாம்_ஷிப்ட் (சனி, காலை 6.40)

மூடத் தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டு ரீசெட் என்று தட்டி என்டர் அழுத்தினால் டெர்மினல் பழைய நிலைக்கு வரும். தட்டுவது தெரியாவிட்டாலும் போய்ச் சேரும்.

நீர் ஆரம்பத்தில் மாற்றியது எல்லாவற்றையும் போகும்போது திருப்பி வையும். மவுஸை நிறுத்த அதே எண்கள், கடைசியில் எச் இருந்த இடத்தில் சின்ன எல். கர்சரைத் திரும்பக் காட்டும். டெர்மினல் அமைப்பை மாற்றும் டெர்மியோஸ் என்ற பைத்தன் பகுதியில் பழைய அமைப்பை முதலிலேயே வாங்கி வைத்து, கடைசியில் அதையே போடும். இவை எல்லாம் ஃபைனலி பகுதியில் இருக்க வேண்டும், வெளியேறும் பட்டனுக்குக் கீழே அல்ல. விழும்போதும் ஓடவேண்டியது அது.

வாடிக்கணக்கு (சனி, பகல் 1.15)

செய்தேன் ஐயா.

இன்னொன்று. வள்ளக்காரரின் பெயரைத் தமிழில் தட்டினால் பேக்ஸ்பேஸ் ஒழுங்காக அழிப்பதில்லை. ஒரு தரம் அழுத்தினால் ஏதோ கேள்விக்குறி வருகிறது.

நிலாவெளி_மாணவி (சனி, பகல் 2.02)

ஓஎஸ்.ரீட் பைட்டாகத் தருகிறது அல்லவா, அதனால். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். "க" என்றால் 224, 174, 149. நீங்கள் ஒரு பைட்டை மட்டும் அழிக்கிறீர்கள். பைத்தனில் கோடெக்ஸ் என்ற பகுதிக்குள் பைட்டைப் படிப்படியாக எழுத்தாக மாற்றும் ஒன்று இருக்கிறது. பாதி எழுத்து வந்தால் மீதி வரும் வரை அதுவே வைத்திருக்கும். பைட்டை அதற்குள் விட்டு எழுத்தாக எடுங்கள், பிறகு எழுத்தை அழியுங்கள்.

ஆனாலும் "கு" என்பது இரண்டு குறி. ஒரு பேக்ஸ்பேஸில் உகரக் குறி மட்டும் போகவா, முழு எழுத்தும் போகவா என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். தட்டும்போது குறி குறியாகப் போனால் பிழை திருத்த லேசு என்பது என் எண்ணம். பேக்ஸ்பேஸ் சில இடங்களில் 127, சில இடங்களில் 8. இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். புட்டியில் தமிழ் தெரிவது அவ்வளவு அழகாக இராது, கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும். அதை உங்கள் புரோகிராமில் திருத்த முடியாது.

கிண்ணியா_நானா (சனி, பகல் 2.40)

பெயருக்குப் பதிலா வள்ள நம்பரைப் போட்டுப் பட்டியலில் இருந்து எடுத்தால் அக்காவுக்கும் லேசு. கீபேடை விட்டுக் கை எடுக்கவே வேண்டாம்.

வாடிக்கணக்கு (திங்கள், காலை 8.10)

வள்ள நம்பர் நல்ல யோசனை நானா, மாற்றிவிட்டேன்.

மவுஸ் கதையைக் கேளுங்கள். இன்று விடிய அக்கா ஃபோன் எடுத்துத் திட்டினார். அவர் தினமும் அன்றைய எடைகளைத் திரையில் இழுத்துத் தெரிவு செய்து, வாட்ஸப்பில் ஒட்டி வள்ளக்காரருக்கு அனுப்புவாராம். எனக்கு அது தெரியாது. மவுஸை நான் பிடித்துக்கொண்டதால் இழுத்தால் தெரிவு விழவில்லை, வரிதான் திறக்கிறது. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு இழுங்கள், புட்டி மவுஸைத் தானே எடுத்துக்கொள்ளும் என்று சொன்னேன். ஒரு கையில் பாரை, மறு கையில் மவுஸ், ஷிஃப்டுக்கு எந்தக் கை என்று கேட்டார்.

இப்போது எஃப்8 அழுத்தினால் மவுஸ் கிளிக் வரும், இன்னொரு தரம் அழுத்தினால் போகும். தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். எஃப்8 இரண்டு இடத்திலும் 27, 91, 49, 57, 126 தான், ஷோகீ போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

ஓர்ஸ்ஹில்வாசி (திங்கள், காலை 8.25)

முதலாளி எஃப்8 அழுத்தினாரா?

வாடிக்கணக்கு (திங்கள், காலை 8.31)

இன்னும் இல்லை அண்ணா. அவருக்குச் சொல்லவே இல்லை.